ஆளியை நிறுத்தினால் மட்டும் போதுமா?

மாணவர்களே, சுவரில் உள்ள ஆளியை நிறுத்திவிட்டோம் என்ற துணிவில் மின்குமிழ் தாங்கியில் கைவைப்பவர் பலர். ஆளி தவறுதலாக நொதுமற் கம்பியில் இணைக்கப்பட்டிருந்தால் குமிழ் அணைந்துவிடும். தாங்கியிலோ 230 வோல்ற்று அப்படியே நிற்கும். ஆளியை உயிர்க்கம்பியில் இணைப்பதற்குக் காரணம் இதுவே. (விடையில் "மின்சிக்கனம்" என்று எழுதுவோரும் உளர், புள்ளி கிடைக்காது.)

ஈரமான உடலின் தடையை 1000 ஓம் எனக் கொள்வோம். ஓமின் விதிப்படி 230 ÷ 1000 = 0.23 அம்பியர். உயிரைப் பறிக்க இது தாராளம். ஆனால் 5 அம்பியர் உருகி இதற்கு எரியாது. உருகி காப்பது கம்பியை, உங்களையல்ல.

அப்படியானால் 'ட்றிப் சுவிட்ச்' காக்காதா? உடலினூடாகப் புவிக்கு மின் கசிந்தால், 30 மில்லியம்பியர் வகை உடனே துண்டிக்கும். உலர்ந்த பலகையில் நின்று உயிர்க்கம்பியையும் நொதுமற் கம்பியையும் சேர்த்துப் பிடித்தாலோ, போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமன், அது அசையாது.

ஆகவே, ரெஸ்ரர் ஒளிர்கிறதா என்று முதலில் மின்னுள்ள குதையொன்றில் பாருங்கள். பின்பு பிரதான ஆளியை நிறுத்தி, தாங்கியின் இரு முனைகளையும் அதே ரெஸ்ரரால் தொட்டுப் பார்த்தபின் வேலையைத் தொடங்குங்கள்.