லாரி கிளம்ப, பக்கம் திறக்க வேண்டும்

திருப்பூரில் பேக்கிங் முடிந்து பெட்டிகள் ஏறிவிட்டாலும் லாரி உடனே தூத்துக்குடி துறைமுகத்துக்குப் புறப்பட்டுவிட முடியாது. இ-இன்வாய்ஸ் போட வேண்டும், அதற்கு 64 எழுத்துள்ள பதிவெண் வர வேண்டும், பிறகு இ-வே பில் எடுக்க வேண்டும். எல்லாமே இணையத்தில்தான். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் வந்த இ-இன்வாய்ஸ், படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டிய எல்லோருக்கும் கட்டாயமாகிவிட்டது. நிட்டிங், பிரிண்டிங் என்று ஜாப் ஒர்க் செய்கிற யூனிட்டுகள் பலவும் இப்போது இதற்குள் அடக்கம்.

இருந்தும் இணையம் தொடர்பான எதையும் 'கம்ப்யூட்டர் பார்ப்பவர் பார்த்துக்கொள்வார்' என்று ஒதுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. நூல் விலையை, டையிங் ஷேடை, ஷிப்மெண்ட் தேதியை முதலாளியே நேரில் கவனிக்கிற ஊரில் இது ஒன்று மட்டும் ஏன் விலக்கு?

2025 ஜனவரி 10-ம் தேதியை வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டிசம்பர் மாத ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்ய மறுநாள் கடைசி நாள். அந்த நேரத்தில் ஜி.எஸ்.டி. தளம் முடங்கியது. கெடு 13-ம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. தளத்தின் தாங்குதிறன் அதற்கு முன்பே பேசப்பட்ட விஷயம்தான். 2020 மார்ச்சில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், ஒரே நேரத்தில் 1.5 லட்சம் பேர் பயன்படுத்தும் திறனை 3 லட்சமாக உயர்த்தச் சொன்னது. கெடு நாளில் நாடே ஒரே வாசலில் நிற்கும் என்பது தெரிந்தும் நாமும் அன்றைக்கே போய் நின்றால், அது நம் அலுவலகத்தின் திட்டமிடல் குறை. மாற்று வாசல்களும் இப்போது உண்டு. இ-இன்வாய்ஸ் பதிவுக்குத் தேசியத் தகவலியல் மையத்தின் தளத்தோடு சில தனியார் தளங்களுக்கும் அனுமதி தரப்பட்டிருக்கிறது. இ-வே பில்லுக்கு 2025 ஜூலை 1 முதல் இரண்டாவது தளம் வந்துவிட்டது. இவற்றில் ஒன்றையாவது முன்கூட்டியே இணைத்துச் சோதித்து வைத்திருக்கிறோமா என்பதை நிர்வாகம்தான் கேட்க வேண்டும்.

அரசுத் தளத்தின் வேகம் நம் கையில் இல்லை. நம் சொந்தத் தளத்தின் வேகம் நம் கையில் இருக்கிறது. நேரடியாக விற்கும் சிறு பிராண்டுகள் பெருகிவரும் காலம் இது. தளம் மெதுவாக இருக்கிறது என்றதும் பெரும்பாலானோர் செய்வது, அதிக வாடகையில் பெரிய சர்வர் எடுப்பது. அங்கேதான் பணம் வீணாகிறது. தையல் லைன் சூப்பர்வைசருக்கு இது உடனே புரியும். 30 மெஷின் ஓடும் லைனில் காலர் வைக்கும் இடத்தில் பீஸ் தேங்கினால், ஓவர்லாக் டெய்லரை எவ்வளவு வேகப்படுத்தினாலும் உற்பத்தி கூடாது. தேங்கும் இடத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

இணையப் பக்கத்தில் எங்கே தேங்குகிறது? ஸ்டீவ் சவுடர்ஸ் என்ற பொறியாளர் 2007-ல் எழுதிய நூலில், பயனர் காத்திருக்கும் நேரத்தில் 80 முதல் 90 சதவீதம், பக்கத்தின் அடிப்படைக் கோப்பு வந்து சேர்ந்த பிறகுதான் கழிகிறது என்று காட்டினார். படங்கள், எழுத்துருக்கள், விளம்பரக் கணக்குக்காகச் சேர்த்த சிறு நிரல்கள் ஆகியவை வந்து சேரும் நேரம் அது. நம் ஊர்த் தளங்களில் நான் முதலில் சந்தேகப்படுவது படங்களைத்தான். கேமராவில் எடுத்த 4,000 புள்ளி அகலமுள்ள டி-ஷர்ட் படத்தை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். செல்போன் திரைக்குச் சுமார் 1,000 புள்ளி போதும். அகலத்தைக் குறைத்து, வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றினால் எடை பல மடங்கு இறங்கும். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ரிப், பிக்கே போன்ற துணிகளின் பின்னல் மங்கும் அளவுக்குச் சுருக்கக் கூடாது, துணியைத் தொட முடியாதவர் அதைத்தான் உற்றுப் பார்க்கிறார். அவர் பெரிதாக்கிப் பார்க்கும்போது மட்டும் பெரிய படம் இறங்கும்படி வைக்கலாம்.

அடுத்தது தூரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சர்வர் அமெரிக்காவில் இருந்தால், ஒருமுறை போய்வரவே நொடியில் ஏழில் ஒரு பங்கு ஆகும். முதல் எழுத்து வருவதற்குள் இப்படி மூன்று முறையாவது போய்வர வேண்டும். வாங்குபவர் மதுரையில் இருக்க, கடை அமெரிக்காவில் எதற்கு? அமேசானின் கிளவுட் மையம் மும்பையில் 2016-லேயே வந்துவிட்டது.

வேகத்தை அளக்கப் பணம் தேவையில்லை. கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் இலவசம். அது மூன்று அளவுகளைச் சொல்லும். முக்கியப் படமோ எழுத்தோ 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 0.2 நொடிக்குள் பதில் வேண்டும். பக்கம் குதிக்கும் அளவு 0.1-க்குள் இருக்க வேண்டும். 'வாங்கு' பட்டனைத் தொடப்போகும்போது சைஸ் சார்ட் மேலே வந்து இறங்கி, விரல் வேறெங்கோ படுவதுதான் அந்தக் குதிப்பு. வருகைகளில் நான்கில் மூன்று இந்த அளவுக்குள் இருந்தால் தேர்ச்சி. முதலாளியின் புதுப் போனில், ஆபீஸ் வைஃபையில் திறந்து பார்த்துத் திருப்தி அடைவது அளவே அல்ல.

ஆடை விற்கும் மிந்த்ரா 2015 மே மாதம் தன் இணையதளத்தை மூடிவிட்டு, செயலி மட்டும் போதும் என்று முடிவெடுத்தது. அடுத்த ஆண்டே தளத்தைத் திரும்பத் திறந்தது. அதன் தாய் நிறுவனமான ஃபிளிப்கார்ட் 2015 நவம்பரில் மெதுவான இணைப்பிலும் ஓடக்கூடிய எடை குறைந்த தளத்தைக் கொண்டுவந்தது. பயனர் அதில் செலவிடும் நேரம் 70 நொடியிலிருந்து மூன்றரை நிமிடமாக உயர்ந்ததாகத் தெரிவிக்கப்பட்டது. வாடிக்கையாளர் கையில் என்ன போன், என்ன இணைப்பு என்று பார்த்து எடுத்த முடிவு அது. மிந்த்ராவின் முதல் முடிவில் அந்தப் பார்வை இல்லை என்றே நினைக்கிறேன்.

சிறு நிறுவனத்தில் இதற்குத் தனித்துறை வேண்டாம். பொறுப்பாக ஒருவர் பெயர் இருந்தால் போதும். மாதம் ஒருமுறை அளவைப் பார்த்து முதலாளியிடம் சொல்ல வேண்டியவர் அவர். தளத்தில் புதிதாக எதையாவது சேர்க்க மார்க்கெட்டிங் கேட்டால், அதன் எடையைச் சொல்ல வேண்டியவரும் அவரே. டொமைன் பெயர் கம்பெனியின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். தளம் கட்டித் தந்தவரின் மின்னஞ்சலில் அது இருந்து, அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், புதுப்பிக்கும் நாளில் கடையே காணாமல் போகும்.

இதெல்லாம் பழக்கமாக வேண்டிய அவசரம் ஐரோப்பாவிலிருந்து வருகிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூர் ஐரோப்பாவை இன்னும் கூர்ந்து பார்க்கத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை 18-ல் அமலுக்கு வந்த சட்டம் 'டிஜிட்டல் பொருள் பாஸ்போர்ட்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவருகிறது. முன்னுரிமைப் பொருள்களில் துணியும் உண்டு. கியூ.ஆர். போன்ற குறியீட்டை ஸ்கேன் செய்தால் அந்தப் பொருளின் விவரம் திறக்க வேண்டும். பொருளைச் சந்தையில் விட்ட நிறுவனம் திவாலானாலும், அதற்கென விதிக்கும் காலம் முழுதும் அந்த விவரம் கிடைக்க வேண்டும் என்கிறது சட்டம். துணிக்கான தனி விதிகளில் என்னென்ன கேட்பார்கள் என்பது இனிமேல்தான் முடிவாகும். நூல், சாயம், ரசாயனம் பற்றிக் கேட்டால் அந்த விவரம் இருப்பது ஸ்பின்னிங் மில்லிலும் டையிங் யூனிட்டின் லாட் புத்தகத்திலும்தான். இந்த ஆண்டு புது சாஃப்ட்வேருக்குக் கையெழுத்துப் போடுபவர்கள், லாட் வாரியாக விவரம் ஏற்ற முடியுமா, ஒப்பந்தம் முடிந்தால் முழு விவரத்தையும் நம் கையில் திருப்பித் தருவீர்களா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.