கூட்டுக் குடித்தனம் செய்யும் ஒரு நகரம்

வாஷிங்டன் மாநகரிலிருந்து வடகிழக்குத் திசையில் சுமார் 12 மைல் சென்றால், மேரிலாந்து மாகாணத்தைச் சேர்ந்த கிரீன்பெல்ட் என்னும் சிறு நகரம் வரும். பிறைச் சந்திரனைப் போல் வளைந்த ஒரு மேட்டின்மீது அமைந்திருக்கும் அதன் பழைய பகுதியில், வீட்டை விட்டுப் புறப்படும் ஒரு குழந்தை, மரநிழலில் செல்லும் நடைபாதையைப் பிடித்து, மோட்டார் வண்டிகள் ஓடும் பெரிய வீதியை அதற்கு அடியில் அமைத்த சிறு சுரங்கப் பாதையால் கடந்து, வண்டிக்கு அஞ்சி ஒதுங்க வேண்டிய அவசியமே இல்லாமல் ஊரின் நடுவிலுள்ள கடைத்தெருவை அடைந்துவிடலாம். மோட்டார் வண்டியே வாழ்க்கைக்கு அச்சாணியாகிவிட்ட ஒரு தேசத்தில், காலால் நடக்கும் மனிதனுக்கு முதல் மரியாதை கொடுத்துச் சர்க்காரே ஓர் ஊரை நிர்மாணித்தது அதிசயந்தான். ஆனால் அதில் குடியேறிய சாமானிய ஜனங்கள் அதைத் தங்கள் சொந்த ஊராக ஆக்கிக்கொண்ட விதம் அதைவிடப் பெரிய அதிசயம் என்பது என் அபிப்பிராயம்.

1929-இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தால் லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்து நின்ற காலத்தில், ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் ஆட்சி 1935-இல் மறுகுடியேற்ற நிர்வாகம் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, பொருளாதாரப் பேராசிரியரான ரெக்ஸ்ஃபோர்டு டக்வெலை அதற்குத் தலைவராக நியமித்தது. வேலையற்றோருக்கு வேலையும், குறைந்த வருமானக்காரருக்கு நல்ல வீடும் ஒருங்கே கிடைக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம். நகரத்தின் சௌகரியமும் கிராமத்தின் காற்றும் ஒரே இடத்தில் அமைய வேண்டும் என்று இங்கிலாந்தின் எபனேசர் ஹோவார்டு 1898-இல் விளக்கிய தோட்ட நகரக் கொள்கையைப் பின்பற்றி, புகையிலை பயிரிட்டுச் சாரம் வற்றிப்போன நிலத்தில், வேலையற்றவர்களாகப் பதிவு செய்துகொண்டவர்களின் உழைப்பைக் கொண்டே இந்த ஊர் எழுந்தது. கூடவே ஓஹையோவில் கிரீன்ஹில்ஸ், விஸ்கான்சினில் கிரீன்டேல் என்ற இரண்டு சகோதர ஊர்களும் தோன்றின.

1937-ஆம் வருஷம் இலையுதிர் காலத்தில் முதல் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அப்போது மொத்தம் 885 வீடுகள். வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட அவ்வீடுகளுக்கு வாசல், கொல்லை என்ற பேதம் வழக்கம்போல் இல்லை. வண்டி வந்து நிற்கவும் துணி உலர்த்தவும் ஏற்றது வேலைப் பக்கம், புல்வெளியையும் நடைபாதையையும் பார்த்திருப்பது தோட்டப் பக்கம். மாலை 4 மணிக்குமேல் கொடியில் துணி தொங்கக் கூடாது, நாய் வளர்க்கக் கூடாது என்றெல்லாம் விதிகள் இருந்தன. அவற்றைச் சர்க்கார் விதித்தது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு; ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரரின் முகம் தெரியாமல் வாழ முடியாதபடி அந்தத் தோட்டப் பக்கம் அவர்களை ஒன்றுசேர்த்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். 5,000-க்கு மேற்பட்ட குடும்பங்கள் விண்ணப்பம் போட்டன. வருமானம், குடும்பத்தின் அளவு, கூட்டு வாழ்வில் ஆர்வம் ஆகியவற்றைப் பார்த்து அதிகாரிகள் பொறுக்கி எடுத்தார்கள். பிராடெஸ்டன்ட், கத்தோலிக்கர், யூதர் ஆகிய மூவருக்கும் இடம் கிடைக்கும்படி கவனித்துக்கொண்ட அவர்கள், கறுப்பினத்தவருக்கு மட்டும் கதவை அடைத்துவிட்டார்கள். மண் வெட்டிக் கல் சுமந்த தொழிலாளரில் கறுப்பர்களும் இருந்தார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கூசுகிறது. ஊரின் நடுவிலுள்ள பள்ளிக்கூடத்துச் சுவரில், லெனோர் தாமஸ் என்ற பெண் சிற்பி அமெரிக்க அரசியல் சட்டத்தின் முகவுரையைப் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கி வைத்திருக்கிறார். ஜனங்களாகிய நாம் என்று தொடங்கும் அந்த முகவுரையில் அடங்கும் ஜனங்கள் யார் என்ற கேள்வி, அச்சுவரின்மேல் வெகுகாலம் எழுதாத எழுத்தாக நின்றது.

வந்தவர்களோ பெரும்பாலும் இளம் தம்பதிகள், உறவினர்கள் தூரத்தில், பழக்கமான கோயிலும் இல்லை, பழைய சங்கமும் இல்லை. ஆகவே எல்லாவற்றையும் தாங்களே தொடங்க வேண்டியதாயிற்று. நகர சபை, பிரஜைகள் சங்கம், கடன் சங்கம், நாடகக் குழு, வாத்தியக் குழு, பெற்றோர் கூட்டம் என்று இத்தனை அமைப்புகள் சில மாதங்களுக்குள் முளைத்ததால், ஒருவர் ஒரே இரவில் மூன்று கூட்டங்களுக்குப் போக நேர்ந்ததாம். கடைசியில், கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு வாரம் கூட்டம் எதுவும் நடத்தாமல் எல்லோரும் வீட்டில் இருப்பதென்று ஊரார் தீர்மானித்துக்கொண்டார்கள். 1937 நவம்பர் 24-ந் தேதி, குடியேறி இரண்டு மாதம் முடிவதற்குள், தொண்டர்கள் ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். முதலில் கோவாபரேட்டர் என்ற பெயரில் தோன்றி, பிறகு நியூஸ் ரிவ்யூ என்று பெயர் மாறிய அப்பத்திரிகை, வீடுதோறும் இலவசமாகவே போய்ச் சேர்ந்து வந்திருக்கிறது.

கடைகளின் கதையும் கேட்கத் தகுந்தது. பாஸ்டன் நகரத்து வியாபாரியான எட்வர்டு ஃபைலீன் கூட்டுறவில் அளவற்ற நம்பிக்கை உள்ளவர். அவர் ஏற்படுத்திய ஸ்தாபனம் முதல் தந்து, மளிகைக் கடை, மருந்துக் கடை, சினிமாக் கொட்டகை முதலியவற்றை ஆரம்பித்து நடத்தியது. பங்குக்குச் சிறு தொகை சேர்த்துச் சேர்த்து, 1940-இல் அவற்றை ஊர் ஜனங்கள் தங்கள் கைக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்தக் கூட்டுறவு வளர்ந்து பல ஊர்களில் கிளை விட்டு, 1984-இல் தாய்க்கடையையே மூட முடிவு செய்தபோது, ஊரார் மனம் தளராமல் வேறொரு கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பணம் திரட்டிக் கடையை வாங்கிக்கொண்டார்கள். காய்கறி வாங்கும் இடமே ஊர்ச் செய்தி பரிமாறும் திண்ணையுமாக இருப்பதை இழக்க அவர்களுக்கு மனமில்லை.

யுத்தம் நெருங்கிய 1941-இல் சர்க்கார் மேலும் 1,000 வீடுகள் கட்டியது. யுத்தத்துக்குப் பிறகு வீட்டுச் சொந்தக்காரனாக இருப்பது சர்க்காருக்கு அழகல்ல என்ற எண்ணம் வலுப்பெற்று, 1949-இல் விற்பனைக்குச் சட்டம் வந்தது. தனித்தனியே விற்றுக் கூறுபோட இடம் கொடாமல், குடியிருப்பவர்களே ஒரு சங்கமாகச் சேர்ந்து 1952-இல் பெரும்பாலான வீடுகளை மொத்தமாக வாங்கினார்கள். இன்றும் சுமார் 1,600 வீடுகள் அந்தச் சங்கத்தின் உடைமை. வீட்டை ஒருவர் விலைக்கு வாங்குவதில்லை, சங்கத்தில் அங்கத்தினராகி அவ்வீட்டில் நிரந்தரமாக வாழும் உரிமையைப் பெறுகிறார். கூரை ஒழுகினால் செப்பனிடுவது சங்கத்தின் பொறுப்பு.

கூட்டுறவு என்ற சொல்லே சந்தேகத்தை எழுப்பிய காலம் ஒன்று வந்தது. பொதுவுடைமைப் பயம் தேசத்தைப் பிடித்து ஆட்டிய 1953-இல், கடற்படையின் நீர்ப்பரப்புப் பட அலுவலகத்தில் இருபது வருஷத்துக்குமேல் வேலை பார்த்தவரும், ஊர்க் கூட்டுறவுகளில் முன்னின்றவருமான ஆபிரகாம் சாசனோ, பெயர் சொல்லாத யாரோ கொடுத்த புகாரின் பேரில் நம்பத்தகாதவர் என்று வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். அண்டை அயலார் ஒதுங்கிப் போகவில்லை. அந்தக் காலத்தில் சாட்சி சொல்வதே தங்களுக்கு ஆபத்து என்று அறிந்தும், அவருடைய ஒழுக்கத்துக்குச் சாட்சியாக வந்து நின்றார்கள். ஆன்டனி லூயிஸ் என்ற பத்திரிகையாளர் அதை எழுதி வெளிப்படுத்தி, அதற்காகப் புலிட்ஸர் பரிசு பெற்றார். 1954-இல் கடற்படை மன்னிப்புக் கேட்டு சாசனோவை மீண்டும் வேலையில் அமர்த்தியது.

பத்திரிகைக்கும் சோதனை வந்தது. 1965-இல் நிலச் சொந்தக்காரரான சார்லஸ் பிரெஸ்லர் நகர சபையோடு பேரம் பேசிய முறையைச் சிலர் பொதுக் கூட்டத்தில் பிளாக்மெயில் என்று சொல்ல, பத்திரிகை அதை அப்படியே பிரசுரித்தது; அவர் மானநஷ்ட வழக்குத் தொடுத்து, 17,500 டாலர் கொடுக்கும்படி ஜூரியின் தீர்ப்பையும் பெற்றார். தொண்டர் நடத்தும் சிறு பத்திரிகை அத்தொகைக்கு எங்கே போகும்? ஊரார் நிதி திரட்டினார்கள். 1970-இல் சுப்ரீம் கோர்ட், அந்தச் சொல் ஆத்திரத்தில் வந்த மிகைச் சொல்லேயன்றிக் குற்றச்சாட்டு ஆகாது என்று தீர்ப்பை மாற்றியது. கூட்டத்தில் பேசும் உரிமையையும் கேட்டதை அச்சிடும் உரிமையையும் பற்றி அமெரிக்காவில் வழக்கு எழுந்தால் இன்றும் அத்தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஊர் வளர்ந்துவிட்டது. பால்டிமோருக்குப் போகும் நெடுஞ்சாலையும் பிற பெருவீதிகளும் அதைத் துண்டுகளாக்கின. 1959-இல் தொடங்கிய காடர்டு விண்வெளி ஆராய்ச்சி நிலையம் விஞ்ஞானிகளைக் கொண்டு வந்தது. மேற்கே பெரிய வாடகைக் குடியிருப்புகள் எழுந்தன. சுமார் 25,000 பேர் வாழும் இந்நகரில் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், ஆசியர், வெள்ளையர் எல்லோரும் இருக்கிறார்கள். 2009-இல் நகர சபை ஐந்து பேரிலிருந்து ஏழு பேராக விரிந்தபோது, எம்மட் ஜோர்டன் முதல் கறுப்பினப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2013-இல் அவரே மேயரானார். அதற்கு எழுபது வருஷத்துக்குமேல் காத்திருக்க நேர்ந்தது. வாடகை வீட்டுக்காரர் பழைய பகுதியின் சங்கங்களில் எந்த அளவுக்குக் கலந்துகொள்கிறார்கள் என்பதைப் பற்றி எனக்கு இன்னமும் கவலை உண்டு. நடந்து போக முடியாத தூரத்தில் இருப்பவரோடு நட்புக் கொள்வது கடினம்.

செப்டம்பர் மாதத் தொழிலாளர் தினத்தை ஒட்டி, 1955 முதல், இந்நகரம் ஒரு திருவிழா நடத்தி வருகிறது. சம்பளம் வாங்காத ஊர்த் தொண்டர்கள் மாதக்கணக்காகக் கூடிப் பேசி ஏற்பாடு செய்யும் அவ்விழாவின்போது, தாய் குழந்தையை அணைத்திருக்கும் லெனோர் தாமஸின் கற்சிலை நிற்கும் ரூஸ்வெல்ட் சதுக்கத்தைச் சுற்றி, நெடுஞ்சாலைக்கு அப்பாலிருந்து வந்தவரும் இப்பாலிருந்து வந்தவரும் தோளோடு தோள் உரசி நடக்கிறார்கள்.