அலையும் குடிநீரும்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழன்பர்களிடம் கடல்நீரைக் குடிநீராக்குவதைப் பற்றிப் பேசுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும் எனத் தோன்றலாம். இரு பருவங்களும் தவறாது பொழியும் ஊர் இது. கரமனையாற்றை அருவிக்கரையில் தேக்கிப் பருகும் நகரம். ஆயினும், இதன் தெற்கே உள்ள விழிஞத்தில்தான் கடலலையைக் கொண்டே கடலின் உப்பை நீக்கும் அரிய முயற்சி ஒன்று நடைபெற்றது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் அங்குள்ள மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரை ஒட்டிக் கான்கிரீட்டுப் பேழை ஒன்றை நிறுவினர். 1991-ஆம் ஆண்டில் அது இயங்கத் தொடங்கிற்று. பேழையினுள் அலை ஏறுங்கால் காற்று வெளியே உந்தப்படும். இறங்குங்கால் உள்ளே இழுக்கப்படும். காற்று எத்திசையில் ஓடினும் ஒரே திசையில் சுழலும் யந்திரம் அதனின்று மின்சாரம் தந்தது. பிற்காலத்தில், தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் அம்மின்சாரத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் நன்னீர் பெறும் சாதனத்தை இணைத்தனர்.

மின்சாரம் எதற்கு என்று வினவலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புண்டு. நுண்ணிய சவ்வு ஒன்றின் இருபுறமும் நன்னீரும் உப்புநீரும் இருப்பின், நன்னீர் உப்புநீரை நாடிச் செல்வதே இயற்கை. அதனை எதிர்த்திசையில் திருப்ப, காற்றழுத்தத்தைப்போல் 50 மடங்குக்கும் மேலான அழுத்தம் வேண்டும். இதற்கேற்ற சவ்வினை 1960-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஆக்கிய இருவருள் ஒருவர் நம் நாட்டவராகிய ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்பது பலர் அறியாத செய்தி. இன்றும் ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது.

விழிஞத்தில் இடர் வேறு வகையில் வந்தது. தென்மேற்குப் பருவத்தில் அலை ஓங்கும். அப்போதோ வானமே நீர் தரும். கிணறு வற்றும் மாசி, பங்குனியில் அலையும் தளரும். அந்நிலையம் இன்று இயங்கவில்லை.

ஆறில்லாத குவைத்துக்கும் சவூதி அரேபியாவுக்கும் இவ்வாறு தேர்ந்து பார்க்க இடமில்லை. நம்மவர் பலர் அங்கே பருகுவது கடல்நீர் மாறிய நீரே. 1991-ஆம் ஆண்டுப் போரில் வளைகுடாவில் பரவிய எண்ணெய், அந்நிலையங்களின் நீர்வாயை நெருங்கியபோது பெரும் கலக்கம் நேர்ந்தது. வீட்டுக் குழாய்க்கும் கடலுக்கும் இடையே வேறு சேமிப்பு அவர்களுக்கு மிகுதியாக இல்லை.

சென்னையும் மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தரும் நிலையங்களைப் பெற்றது. திருவனந்தபுரத்துக்கு அத்துணைச் செலவு இன்று வேண்டுமா என்பது ஐயமே. அருவிக்கரைத் தேக்கத்தில் படிந்த வண்டலை அகற்றுவது முந்திய வேலை. லட்சத்தீவின் கவரத்தியில் நிலைமை வேறு. ஆறில்லாத அத்தீவில் நிலத்தடி நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது; மிகுதியாக இறைத்தால் உப்பு மேலேறும். ஆங்கு 2005 முதல், வெதுவெதுப்பான மேற்கடல்நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலத்தில் ஆவியாக்கி, ஆழ்கடலின் குளிர்நீரால் அவ்வாவியைக் குளிர்வித்து, நாள்தோறும் ஒரு லட்சம் லிட்டர் பெறும் நிலையம் அமைந்துள்ளது.