நீராவி எஞ்சினில் ஏறும் வழி



சில காலத்துக்கு முன் எங்கள் பாடசாலை மாணவர் சிலரைக் கடுகண்ணாவையிலுள்ள தேசிய புகையிரத நூதனசாலைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். நம் நாட்டின் முதற் புகையிரதம் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்குச் சென்ற நாள் 1864ஆம் ஆண்டு டிசம்பர் 27. அதன் 150ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 2014ஆம் ஆண்டு அதே நாளில் திறக்கப்பட்டது அந்த நூதனசாலை. அங்கே ஓய்ந்து நின்ற பழைய நீராவி எஞ்சின் ஒன்றின் இரும்புப் படியில் கால் வைத்தபடி மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், இது ஓடுற நேரம் உள்ளுக்கு நிண்டு போக ஏலுமா?"

அப்போது எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் தேடிக் கற்றதையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

சாரதி நிற்கும் அந்தச் சிறிய இடத்தில் அயலார் எவரையும் எளிதில் ஏற்றுவதில்லை. அதன் காரணத்தை அறிய, அங்கே நடைபெறும் வேலையை முதலில் அறிதல் வேண்டும். எஞ்சினின் பின்புறத்தில் நெருப்புப் பெட்டி இருக்கிறது. அதிலெழும் சூடான புகை, கொதிகலனுக்குள் நீண்டு கிடக்கும் பல குழாய்களின் வழியே முன்புறம் செல்கிறது. அக்குழாய்களைச் சூழ்ந்துள்ள நீர் கொதித்து ஆவியாகிறது. சாதாரண வளியமுக்கத்தில் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு பருக்கும். அவ்வாறு பருக்க இடங்கொடாது அடைத்து வைத்த ஆவியே உருளைக்குள் பாய்ந்து, ஆடுதண்டைத் தள்ளிச் சில்லைச் சுழற்றுகிறது. வேலை முடிந்த ஆவி புகைபோக்கி வழியே சீறி வெளியேறும்போது நெருப்பின் புகையையும் உடனிழுத்துச் செல்கிறது. அதனால் நெருப்புக்குப் புதுக் காற்றுக் கிடைக்கிறது. எஞ்சின் எவ்வளவு கடுமையாக உழைக்கிறதோ, அவ்வளவு கடுமையாக நெருப்பும் எரியும். நாம் கேட்டு மகிழும் "குப் குப்" ஓசை இந்த மூச்சின் ஓசையே.

இவ்வளவும் இரண்டு மனிதரின் கண்ணிலும் கையிலும் தங்கியிருக்கின்றன. சாரதி பாதையையும் சமிக்ஞைகளையும் பார்த்து ஆவியை அளந்து விடுகிறார். பயர்மன் நெருப்பையும் நீரையும் காக்கிறார். நெருப்புப் பெட்டியின் மேற்றகட்டின்மேல் எந்நேரமும் நீர் நின்றாக வேண்டும். நீர் வற்றி அத்தகடு வெறுமையாகிவிட்டால், இரும்பு பழுத்து இளகிக் கொதிகலன் வெடிக்கும் ஆபத்து உண்டு.

திருகோணமலையை அடுத்த சீனக்குடாவில், எண்பது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர் ஒருவரைக் காணச் சென்றேன். இளமையில் நீராவி எஞ்சினில் பயர்மனாக நின்றவர் அவர். "ஐயா, இந்த வேலையில் முதற் பாடம் எது?" என்றேன். "நெருப்பைப் பாக்கிறதுக்கு முன்னம் தண்ணியைப் பாக்க வேணும், தம்பி" என்றார். அவர் கொட்டிலுக்குள் புகுந்தது பயர்மனாக அன்று, கிளீனராகவே. எண்ணெய்த் துணியும் கையுமாக எஞ்சினைத் துடைப்பதும், சாம்பலை வாரிக் கொட்டுவதும், விடியுமுன் நெருப்பு மூட்டுவதுமே அவருடைய பள்ளிக்கூடம். துடைக்கும்போது கை படாத ஆணி இல்லை. ஆதலால் தளர்ந்த ஆணியைக் கண்ணுக்கு முன் கையே கண்டுவிடும் என்றார்.

கிளீனர், பயர்மன், சாரதி என்னும் இந்த மூன்று படிகளே அன்று எஞ்சினுக்கு ஏறும் ஏணியாயிருந்தன. நம் நாட்டில் 1950களில் டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கின. பி. டி. ரம்பாலா அவர்கள் புகையிரதப் பொது முகாமையாளராயிருந்த காலத்தில் அம்மாற்றம் விரைவு பெற்று, 1960களின் இறுதியளவில் நீராவி எஞ்சின் நாளாந்தச் சேவையிலிருந்து விடைபெற்றது. மாகோவிலிருந்து கல்லோயாச் சந்தி, கந்தளாய், தம்பலகாமம் வழியாக 1927இல் எங்கள் துறைமுகத்தை வந்தடைந்த பாதையில் இன்று டீசல் வண்டிகளே ஓடுகின்றன. வேலை எளிதாயிற்று, புகையும் குறைந்தது. அதைக் குறை கூறுவார் இல்லை. ஆனால் அந்த ஏணி மறைந்தபோது அதில் ஏறியவர்களின் கைப்பழக்கமும் மறையத் தொடங்கியது.

இதனை உணர்ந்து முதலில் செயற்பட்டோர் பிரித்தானியாவின் வேல்ஸ் நாட்டில் கூடிய சாதாரண மக்கள். அங்கே தாலிலின் என்னும் சிறு பாதை, மலையிலுள்ள பலகைக்கற் சுரங்கத்துக்காக 1860களில் அமைக்கப்பட்டது. 1950இல் அதன் உரிமையாளர் காலமாகவே, பாதை மூடப்படும் நிலை வந்தது. எல். டி. சி. ரோல்ட் என்னும் எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும் சங்கம் ஒன்று அமைத்து, 1951ஆம் ஆண்டு மே மாதத்தில் தாமே வண்டியை ஓட்டத் தொடங்கினர். தொண்டர்கள் பொறுப்பேற்று நடத்திய புகையிரதப் பாதைகளில் உலகிலேயே முதலாவது அதுதான். அதன் பின் அந்நாட்டில் இத்தகைய பாதைகள் பல தோன்றின. ஆசிரியரும் எழுதுவினைஞரும் ஓய்வுபெற்றோரும் விடுமுறை நாட்களில் அங்கு சென்று சீட்டு விற்கின்றனர், புல் வெட்டுகின்றனர், தண்டவாளம் பழுது பார்க்கின்றனர். எஞ்சினில் ஏற விரும்பும் தொண்டர் கிளீனராகவே தொடங்குகிறார். விதிகளைக் கற்று, மருத்துவப் பரிசோதனையிலும் தேர்விலும் தேறி, பல ஆண்டுகளின் பின்னரே சாரதியாகிறார். பணம் செலுத்தி ஒரு நாள் மட்டும் சாரதியின் அருகே நின்று எஞ்சினை ஓட்டிப் பார்க்கவும் பல பாதைகள் இடமளிக்கின்றன. அப்பணம் எஞ்சின்களைப் பேண உதவுகிறது.

தமிழகத்தில் இக்கலை இன்னும் உயிருடன் இருப்பது நீலகிரி மலைப்பாதையில். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் 46 கிலோமீற்றர்ப் பாதை அது. 12 அடி செல்ல ஓரடி உயரும் ஏற்றத்தைப் பற்சக்கரத்தின் துணையோடு ஏறுகிறது. 2005இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமையாக ஏற்றது. அப்பாதைக்காகத் திருச்சிராப்பள்ளியிலுள்ள பொன்மலைத் தொழிற்சாலையில் இந்த நூற்றாண்டிலேயே புதிய நீராவி எஞ்சின்கள் கட்டப்பட்டன. 2021இல் நிலக்கரியால் இயங்கும் எஞ்சின் ஒன்றும் அங்கே உருவாயிற்று. பழைய பாதை ஓடிக்கொண்டிருந்தமையாலேயே அத்தொழிலறிவு தேவைப்பட்டது. தேவைப்பட்டமையாலேயே அது பிழைத்தது.

நம் நாட்டின் நிலை என்ன? தொண்டர்கள் தாமே நடத்தும் பாதை இங்கு இல்லை. எனினும் புகையிரதத் திணைக்களம் பழைய எஞ்சின்கள் சிலவற்றைக் கொழும்பு தெமட்டகொடைக் கொட்டிலில் பேணி வந்திருக்கிறது. தேசாதிபதி சேர் தோமஸ் மெயிற்லண்டின் பெயர் தாங்கிய 251ஆம் இலக்க எஞ்சின் அவற்றுள் ஒன்று. உல்லாசப் பயணிகளுக்காக 1986இல் தொடங்கிய வைஸ்ரோய் விசேட வண்டியை இழுத்தவை இத்தகைய எஞ்சின்களே. ஆகவே எஞ்சினில் ஏறும் ஆவலுடையோர் செய்யத்தக்கது, திணைக்களத்துக்கு முறைப்படி எழுதி அனுமதி கோருவதே. நிலையத்தில் நிற்கும் சாரதியிடம் இரகசியமாகக் கெஞ்சுவது அவருடைய தொழிலுக்கே ஆபத்தாகலாம், அதைச் செய்யாதீர்கள்.

அனுமதி கிடைக்காவிடினும் நமக்கொரு தொண்டு உண்டு. எஞ்சின் துருப்பிடித்தால் செப்பனிடலாம். பொன்மலையில் செய்ததுபோல் புதிதாகவும் கட்டலாம். ஆனால் கரியை எப்போது இடுவது, எவ்விடத்தில் வீசுவது, ஏற்றம் வருமுன் எத்தனை நீர் ஏற்றிக்கொள்வது என்பவற்றைக் கையால் அறிந்த மனிதர் மறைந்தால், அவருக்கு மாற்று இல்லை. அத்தகையோர் சிலர் இன்னும் நம் ஊர்களில் வாழ்கின்றனர். அவர்கள் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். குரலைப் பதிவு செய்யலாம். இன்று இருப்போர் நாளை இருப்பர் என்று எண்ணி ஒத்திப்போடத் தக்க வேலையன்று இது.

அந்த மாணவனை அழைத்துச் சென்று சீனக்குடாப் பெரியவரின் முன் அமர்த்தினேன். இரண்டு மணி நேரம் அவன் கேட்டான், அவர் சொன்னார். முற்றத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்து, கரி வீசும் விதத்தையும் அவனுக்குக் காட்டினார். விடைபெறும்போது, "எஞ்சின் இல்லாட்டியும் பரவாயில்லை சேர், அடுத்த கிழமையும் வருவம்" என்றான் அவன். எஞ்சினுக்கு ஏறும் ஏணியின் முதற் படியில் அவன் கால் வைத்துவிட்டான் என்றே எனக்குத் தோன்றிற்று.