குழாயில் போவது எந்தப் பால் என்று கேளுங்கள்

குறைமாதக் குழந்தை இன்குபேட்டருக்குள் போனதும் குடும்பத்தார் எடையைக் கேட்கிறார்கள், மூச்சைக் கேட்கிறார்கள், பில்லைக் கேட்கிறார்கள். மூக்குக் குழாய் வழியே எந்தப் பால் போகிறது என்று மட்டும் கேட்பதில்லை. 'அம்மாவுக்குப் பால் வரவில்லை' என்ற ஒரு வார்த்தையில் பவுடர் டப்பாவுக்குச் சீட்டு எழுதப்பட்டுவிடுகிறது. 32 வாரத்துக்கு முன்போ ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு இந்த அலட்சியம் ஆபத்து. முதிராத குடல் புண்ணாகி அழுகும் என்.இ.சி. நோய் உயிரையே பறிக்கும். 926 குறைமாதக் குழந்தைகளைக் கவனித்து லூகாஸ், கோல் இருவரும் 1990-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள்: தாய்ப்பால் மட்டும் பெற்றவர்களைவிட, பவுடர் பால் மட்டும் பெற்றவர்களுக்கு இந்நோய் 6 முதல் 10 மடங்கு அதிகம்.

தாய்ப்பால் குடித்த குழந்தைக்கும் இது வருகிறதே என்பார்கள். வரும்; குறைவாக வரும். அதற்காகப் பவுடர் பாலை நஞ்சென்று சொல்லவில்லை. வேறு வழியில்லாதபோது அது வேண்டும். வரிசை மாறக்கூடாது என்பதே கோரிக்கை: முதலில் தாயின் பால், அடுத்துத் தாய்ப்பால் வங்கியின் பால், கடைசியில் பவுடர். முதல் நாள் பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அந்தக் குழந்தைக்குத் தேவையும் சில மில்லிதான். பிரசவமான சில மணி நேரத்திலேயே தொடங்கி, நாளுக்கு எட்டு முறையாவது பீச்சி எடுக்க வேண்டும். அதுவும் போதாதென்றால், 62.5 டிகிரியில் 30 நிமிடம் பதப்படுத்திய தானப்பால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. சேனை, தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதையும் வாயில் வைக்காதீர்கள். பாட்டி சொன்னாலும் வைக்காதீர்கள்.

வாய்வார்த்தை பின்னால் நிற்காது. 'முதலில் தாய்ப்பால், இல்லையேல் வங்கிப்பால். பவுடர் கொடுத்தால் காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதவும்' என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். கேஸ் ஷீட் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. அதையும் எழுத்தில் கேளுங்கள். தனியார் மருத்துவமனைமீது புகாரென்றால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் கொடுங்கள். இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டே ஆண்டு கெடு. செலுத்திய கட்டணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. பவுடர் கம்பெனி தாய்க்கு மாதிரி டப்பா கொடுப்பதும், வார்டில் விளம்பரம் வைப்பதும், மருத்துவருக்குப் பரிசளிப்பதும் தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகள் குறித்த 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை உண்டு. அதிகாரம் பெற்றவர்கள் புகார் செய்தால்தான் நீதிமன்றம் எடுக்கும். ஆகவே அந்த அதிகாரம் பெற்ற, தாய்ப்பாலூட்டலை ஊக்குவிக்கும் பி.பி.என்.ஐ. அமைப்புக்குப் படத்தோடு அனுப்புங்கள். சட்டம் வந்து முப்பது ஆண்டு கடந்தும், இதை வார்டு சுவரில் எழுதிவைக்க அதிகாரிகளுக்கு மனம் வரவில்லை.

வயிறு உப்பினால், பச்சையாக வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், குழந்தை துவண்டால் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டில் என்றால் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எந்த ஆணையத்தாலும் அழுகிய குடலைத் திருப்பித் தர முடியாது. முதல் நாளே கேளுங்கள்: எந்தப் பால்?