புதிய இயங்குதளம் போடுமுன்

கூரையைப் பிரித்து வேயுமுன் வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்துவைப்போம். வீட்டுக் கணனியின் இயங்குதளத்தை மாற்றும்போதும் அதுவே முதல் வேலை.

இயங்குதளம் என்பது என்ன? கணனியின் உறுப்புக்களையும் நாம் பாவிக்கும் மென்பொருள்களையும் இணைத்து வேலைவாங்கும் அடிப்படை மென்பொருள். 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவடைந்தது. அதன் பின்னும் கணனி இயங்கும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வழமைபோல் கிடையாததால் வைரசுக்கு இடமுண்டாகும்.

விண்டோஸ் 11க்கு ஆகக்குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி ஆகியன தேவை. உங்கள் கணனியில் இவை இல்லையா? உடனே கடன்பட்டுப் புதியது வாங்கவேண்டாம். லினக்ஸ் மின்ட் இலவசமானது. பழைய கணனிகள் பலவற்றில் நன்கு இயங்கும். விண்டோசுக்கெனச் செய்த மென்பொருள்கள் மட்டும் அதில் நேரடியாக இயங்கமாட்டா.

எதைப் போட்டாலும், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளையும் குடும்பப் படங்களையும் முதலில் பென்ட்ரைவ் இரண்டில் பதியுங்கள். வேறொரு கணனியில் அவை திறக்கின்றனவா என்று பாருங்கள். பாமினி எழுத்துருவையும் சேர்த்துப் பதியுங்கள். அது இல்லாவிடில் பாமினியில் தட்டெழுதிய கடிதங்கள் ஆங்கில எழுத்துக்களாகவே தெரியும். மின்தடை வரக்கூடிய வேளையில் வேலையைத் தொடங்காதீர்கள்.

பழுதான கணனிக்குப் பதிலாக வேறொன்று வாங்கலாம். இடம்பெயர்வில் மூல உறுதியை இழந்த குடும்பத்துக்கோ அந்தப் பிரதியே கையில் மிஞ்சிய சாட்சி. அதை முதலில் காப்பாற்றுங்கள்.