கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை அகற்றினால் ஜிப்ஸியின் இழுவை கூடுமா? தொழில்நுட்பமும் சட்டமும் சொல்வது என்ன

புதுதில்லி: பழைய மாருதி ஜிப்ஸியை வாங்கி மலைப்பாதைகளிலும் ஆற்றுப்படுகைகளிலும் ஓட்டுவோருக்கு, ஏதோ ஒரு கட்டத்தில் பட்டறையில் ஒரு யோசனை சொல்லப்படுகிறது. ஏற்றத்தில் வண்டி திணறுகிறதா? கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நேர்க்குழாய் ஒன்றைப் பற்றவைத்துவிட்டால் இழுவை கூடும் என்பதே அந்த யோசனை. புதிய கன்வர்ட்டர் வாங்குவதைவிட இதற்குச் செலவு மிகக் குறைவு. 2023 ஜூன் மாதம் விற்பனைக்கு வந்த ஜிம்னியை வைத்திருப்போரிடமும் இதே பேச்சு எழுகிறது. ஆனால் பெரும்பாலான வண்டிகளில் திணறலுக்குக் காரணம் கன்வர்ட்டர் அன்று. வேறொரு கோளாறால் முதலில் பழுதாவதே அதுதான்.

இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் இடையே உலோக உறைக்குள் பொருத்தப்பட்டிருக்கும் இக்கருவியின் உட்பகுதி, தேன்கூடு போன்ற நுண்துளைகள் கொண்ட பீங்கான். அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லிய படலமாகப் பூசப்பட்டுள்ளன. கார்பன் மோனாக்சைடு, எரியாத எரிபொருள் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்று நச்சுகளும் இப்படலத்தில் பட்டு, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாறுகின்றன. ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகே இந்த வினை தொடங்கும். நன்கு சூடான நிலையில், நல்ல கன்வர்ட்டர் நச்சில் 90 சதவீதத்துக்கும் மேல் நீக்கிவிடும்.

இந்தியாவில் 1995 ஏப்ரலில் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது முதலில் கட்டாயமாக்கப்பட்டது. ஈயம் பட்டால் கன்வர்ட்டர் செயலிழந்துவிடும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோலும் அப்போதே இந்நகரங்களுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஜிப்ஸிகளில் அகற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

இழுவை உண்மையில் கூடுமா?

பழுதில்லாத கன்வர்ட்டர் புகையின் ஓட்டத்துக்குத் தரும் தடை மிகச் சிறிது. அந்தத் தடையும் இன்ஜின் முழு வேகத்தில் சுழன்று, ஏராளமாகப் புகையை வெளித்தள்ளும்போதுதான் உணரப்படும். பந்தயச் சாலையில் ஓடும் காருக்கு அது ஒரு கணக்காக இருக்கலாம். பாறைகளின்மேல் ஊர்ந்து ஏறும் ஜிப்ஸியின் நிலை வேறு. நான்கு சக்கர இயக்கத்தின் தாழ்ந்த கியரில், குறைந்த சுழற்சியில் நடக்கும் வேலை அது. வெளிவரும் புகையும் குறைவு. ஆக, வண்டிக்கு எங்கு உதவி தேவைப்படுகிறதோ அங்கு கன்வர்ட்டரை நீக்குவதால் கிடைக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கூடுவது ஓசைதான். அந்த ஓசையையே வலிமை என்று எண்ணிவிடுவோர் பலர்.

லடாக் பயணம் சென்று வந்தவர்களிடம் இன்னொரு குழப்பமும் உண்டு. 5,300 மீட்டருக்கும் மேல் உள்ள கர்துங் லா கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். டர்போ இல்லாத எந்த இன்ஜினும் அங்கே தன் வலிமையில் பெரும்பகுதியை இழக்கும். கன்வர்ட்டரை அகற்றுவதால் காற்றில் ஆக்சிஜன் கூடிவிடாது.

உண்மையிலேயே அடைத்துக்கொண்ட கன்வர்ட்டரின் கதை வேறு. ஸ்பார்க் பிளக் அல்லது காயில் கெட்டு ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டால், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் சென்று எரிகிறது. அந்த வெப்பத்தில் பீங்கான் உருகி அடைத்துக்கொள்கிறது. தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளின் வழியே கசியும் எண்ணெய் எரிந்து, அதன் சாம்பல் படலத்தை மூடிவிடுகிறது. இதைச் சோதிப்பது எளிது. முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அத்துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, இன்ஜினை 2,500 சுழற்சியில் வைத்துப் பார்க்க வேண்டும். அழுத்தம் சுமார் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் போனால் அடைப்பு உள்ளதாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ரப்பர் சுத்தியலால் தட்டும்போது உள்ளே கலகலவென்று ஓசை கேட்டால் பீங்கான் உடைந்துவிட்டது என்று பொருள். இந்தச் சோதனை எதையும் செய்யாமல் வெட்டச் சொல்பவரின் யோசனையை ஏற்பதற்கில்லை.

கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவோரின் கவலைகள் சில நியாயமானவையே. கொதிக்கும் கன்வர்ட்டர் திடீரெனக் குளிர்ந்த ஓடைநீரில் மூழ்கினால் பீங்கானில் விரிசல் விழலாம். பாறை மோதினால் நொறுங்கலாம். காய்ந்த புல்லின்மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கலாம். இவற்றுக்கு அடிப்பாகத்தில் இரும்புக் காப்புத்தகடு பொருத்துவதும், ஆற்றில் இறங்குமுன் சில நிமிடங்கள் வண்டியை ஆறவிடுவதும், நிறுத்தும் இடத்தைப் பார்த்து நிறுத்துவதுமே தீர்வு.

அகற்றிய பிறகு

பிற்கால வண்டிகளில் கன்வர்ட்டருக்குப் பின்னாலும் ஓர் ஆக்சிஜன் சென்சார் உண்டு. கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை என்று அது கண்டதும் 'செக் இன்ஜின்' விளக்கு எரியும். சென்சாரை ஏமாற்றச் சிறு இடைத்துண்டு வைப்பது சில பட்டறைகளின் வழக்கம். சிலர் விளக்கையே அணைத்துவிடுகின்றனர். அதற்குப் பிறகு வேறு கோளாறு ஏற்பட்டாலும் ஓட்டுநருக்குத் தெரியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அவசரமாகப் பற்றவைத்த இணைப்புகள் பாறைப்பாதை அதிர்வில் விரிசல் விடுவது இயல்பு. துணிக்கூரை கொண்ட ஜிப்ஸியின் பின்புறத் திரை திறந்திருந்தால், ஓட்டத்தில் வண்டியின் பின்னால் உருவாகும் குறைந்த அழுத்தம் புகையை உள்ளே இழுக்கும். குளிர் தாங்காமல் இன்ஜினை ஓடவிட்டு வண்டிக்குள் உறங்குவோருக்கு இது உயிருக்கே ஆபத்து. கன்வர்ட்டர் இருந்தாலும் அப்படி உறங்கக் கூடாது. இல்லாதபோது நச்சின் அளவு பல மடங்கு கூடும்.

சட்டத்தின் நிலை தெளிவானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளரின் வடிவமைப்பிலிருந்து மாறுபடும் மாற்றங்களைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். மாசு விதிகளை மீறி ஓட்டினால் 190(2) பிரிவின்படி முதல் முறை 3 மாதம் வரை சிறை, ரூ.10,000 வரை அபராதம், 3 மாதங்களுக்கு ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பு ஆகியவை உண்டு. மாசுச் சான்றிதழ் சோதனையில் பாரத் ஸ்டேஜ் 4 பெட்ரோல் கார்களுக்கான வரம்பு, இன்ஜின் ஐடிலிங் நிலையில் 0.3 சதவீதம் கார்பன் மோனாக்சைடு. கன்வர்ட்டர் இல்லாத இன்ஜின் இவ்வரம்புக்குள் நிற்பது அரிது.

பொதுச்சாலையில் ஓடாமல், லாரியில் ஏற்றித் தனியார் நிலத்துக்குக் கொண்டு செல்லப்படும் போட்டி வாகனங்கள் வேறு வகை. பதிவெண் பலகையுடன் சாலையில் ஓடும் ஜிப்ஸி, வார இறுதியில் மட்டும் காட்டுப்பாதைக்குச் செல்வதால் அந்த வகையில் சேராது.

கழற்றிய கன்வர்ட்டர் யாரிடம் போகிறது என்பதையும் கேட்டறிவது நல்லது. அதிலுள்ள உலோகங்களுக்காகவே குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் மாருதி ஈக்கோ வேன்களின் சைலன்சர்களைத் திருடிய கும்பல்கள் பிடிபட்டுள்ளன. இலவசமாகவே கழற்றித் தருவதாகப் பட்டறையில் சொன்னால், அந்தத் தாராளத்துக்கு ஒரு காரணம் இருக்கக்கூடும்.

அடைப்பு உறுதியானால் முதலில் பிளக், காயில், எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைச் சரிசெய்துவிட்டுப் பிறகே புதிய கன்வர்ட்டரைப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் புதியதும் விரைவில் உருகிவிடும். பழைய வண்டி வாங்குவோர் பேரம் பேசுமுன் அடியில் குனிந்து கன்வர்ட்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சாவியைத் திருப்பி, இன்ஜினை இயக்காமல் மீட்டர் பலகையைக் கவனிக்க வேண்டும். அந்த நொடியில் 'செக் இன்ஜின்' விளக்கு எரியவே இல்லை என்றால், அதை அணைத்து வைத்தது ஏன் என்று விற்பவரிடம் கேட்கலாம்.